நாவுக்கு ஒரு கணம்

டயகமத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாகச் சேர்ந்த முதல் வருடம். வாசிப்புப் பாடத்தின்போது சிறுவன் ஒருவன் எழுந்து, "க... க..." என்று திணறினான். வகுப்பு சிரித்தது. இரக்கங்கொண்ட நான், எஞ்சிய சொல்லை நானே சொல்லி, "உட்காரப்பா" என்றேன். அன்றுமுதல் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் துணையால் எழுத்தொலியாவதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துள்ளார். அதைக் கற்றிருந்த நான், அக்காற்றுத் தடைப்பட்டு நின்ற குழந்தையை அறியாது போனேன்!

திக்குவாய் அறிவின் குறையன்று. பரம்பரையும், பேச்சை இயக்கும் மூளையின் செயற்பாடும் அதற்குக் காரணங்கள் என்பர் அறிஞர். குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கு அது தோன்றும்; பெரும்பாலோரிடம் நாளடைவில் நீங்கிவிடும். நீங்காதோர்க்குப் பேச்சு, மொழிச் சிகிச்சையாளரின் துணை வேண்டும். அவர் பிள்ளையைப் பேசப் பழக்குவதோடு, ஆசிரியரையும் பெற்றோரையும் கேட்கப் பழக்குகிறார்.

இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம், ராகமையிலுள்ள தன் மருத்துவ பீடத்தில் இத்துறையினரைப் பயிற்றுகிறது. ஆனால் ராகமை எங்கே, டயகம எங்கே? கொழுந்து பறிக்கும் தாய், நாட்கூலியை இழந்தல்லவா பிள்ளையோடு மலையிறங்க வேண்டும்! சிகிச்சையாளர் பாடசாலை தேடி மலையேறுவதே முறை.

அதுவரை ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளையின் முகம் பார்த்து, முந்திச் சொல்லாது, காத்திருத்தல். அச்சிறுவனுக்குரிய அந்தக் கணத்தை நான் பறித்துக்கொண்டேன். நீங்கள் பறித்துவிடாதீர்கள்.