போர்ஷே என்ஜின் போச்சுன்னா பில் யாருக்கு?

எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னைக்கு ஸ்போர்ட்ஸ் கார் பத்திப் பேசலாம். டாப் ஸ்பீடு எவ்வளவு, எக்ஸாஸ்ட் சத்தம் எப்படி, அதுக்கெல்லாம் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நாம பார்க்கப் போறது அந்த வண்டி சர்வீஸ் சென்டர்ல லிஃப்ட் மேல நிக்கிற நேரத்தை. அப்போ யார் யாருக்குப் போன் பண்றாங்க, யார் கையெழுத்து போடுறாங்க, கடைசியில யார் காசு கட்டுறாங்க?

போர்ஷேவை எடுத்துக்கிட்டதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2019-ல அமெரிக்காவுல ஜே.டி. பவர் நிறுவனம் நடத்துன டிபெண்டபிலிட்டி சர்வேயில, எல்லா மாடல்களையும் தாண்டி முதலிடம் பிடிச்சது போர்ஷே 911. அதாவது, ரொம்பத் தொந்தரவு குடுக்காத கார். ஆனா இதே 911 வரிசையிலதான், கார் பைத்தியங்கள் இன்னைக்கும் பேசிக்கிட்டிருக்கிற ரெண்டு பெரிய என்ஜின் பிரச்சினைகளும் வந்துச்சு. ரெண்டுமே எப்படி உண்மையா இருக்க முடியும்?

அந்த சர்வே யார்கிட்ட கேள்வி கேக்குதுன்னு பாருங்க. மூணு வருஷம் ஓடின வண்டியோட முதல் ஓனர்கிட்ட. அவருக்கு வாரன்டி இன்னும் இருக்கும். வண்டியையும் பெரும்பாலும் வார இறுதியில மட்டும் எடுத்திருப்பார். பத்து வருஷம் கழிச்சு மூணாவது கையா அதே காரை வாங்கினவர் அந்தக் கணக்குலயே வர மாட்டார். அவரோட அனுபவம் வேற மாதிரி இருக்கலாம்.

அதனால இன்னைக்கு ரெண்டு கேள்வியைத் தனித்தனியா வெச்சுக்குவோம். ஒண்ணு, வண்டி உடையுமா? ரெண்டு, உடைஞ்சா செலவு யாரோடது? விளம்பரமும் ரிவ்யூவும் முதல் கேள்வியோட நின்னுடும். பேங்க் பேலன்ஸைக் காலி பண்றது ரெண்டாவது.

முதல் கதை: கையளவு பேரிங்

1990-களோட தொடக்கத்துல போர்ஷே கிட்டத்தட்ட மூழ்குற நிலைமையில இருந்துச்சு. விற்பனை படுத்துடுச்சு, தயாரிப்புச் செலவு அதிகம். வெண்டலின் வீடெகிங் தலைமைக்கு வந்து, டொயோட்டா பாணி உற்பத்தி முறையைச் சொல்லித்தர ஜப்பானிய நிபுணர்களைத் தொழிற்சாலைக்கே வரவழைச்சார். அந்தக் காலகட்டத்துல உருவானதுதான் 1996-ல வந்த பாக்ஸ்டர், 1997-ல வந்த 996 தலைமுறை 911. ரெண்டுக்கும் முன்பக்கம் உட்பட நிறைய பாகங்கள் பொது. காத்துல குளிர்ற பழைய என்ஜினுக்குப் பதிலா தண்ணியில குளிர்ற புது என்ஜின். அதுக்கு எம்96-னு பேரு. கம்பெனியைக் காப்பாத்தினதுல இந்த ரெண்டு காருக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்த என்ஜினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒரு தண்டு இருக்கு. சுருக்கமா ஐஎம்எஸ். கிராங்க் ஷாஃப்ட் செயின் வழியா இந்தத் தண்டைச் சுத்தும். இந்தத் தண்டு வேற செயின்கள் வழியா கேம் ஷாஃப்ட்டுகளைச் சுத்தும். வால்வு எப்போ திறக்கணும், எப்போ மூடணும்ங்கிற டைமிங் மொத்தமும் இந்த வழியாத்தான் போகுது.

இந்தத் தண்டோட ஒரு முனை ஒரு பால் பேரிங் மேல நிக்குது. அது சீல் வெச்ச பேரிங், உள்ளே கிரீஸ் அடைச்சிருக்கும். வாட்டர் பம்ப் மாதிரி இடத்துல அது சரி. ஆனா இங்கே அது சூடான என்ஜின் ஆயிலுக்குப் பக்கத்துலயே வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கு. நாள்பட நாள்பட சீல் தளரும். ஆயில் மெதுவா உள்ளே புகுந்து கிரீஸைக் கரைச்சுடும். அதே சீல், புது ஆயில் தாராளமா வந்து போகவும் விடாது. கிரீஸும் இல்லை, நல்ல ஆயிலும் இல்லை. உள்ளே இருக்கிற குண்டுகள் தேய ஆரம்பிக்கும். ஒரு நாள் பேரிங் உடையும், தண்டு இடம் மாறும், டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். என்ஜின் காலி.

இது எல்லா வண்டிக்கும் நடந்துச்சா? இல்லை. ஆரம்ப கால என்ஜின்கள்ல இருந்தது ரெட்டை வரிசை பேரிங். 2000-க்கு அப்புறம் ஒத்தை வரிசை பேரிங்குக்கு மாறினாங்க. பின்னாடி அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போன வழக்குல பேசப்பட்ட கணக்குப்படி, ரெட்டை வரிசையில பழுதானது 1 சதவீதத்துக்கும் குறைவு, ஒத்தை வரிசையில 8 முதல் 10 சதவீதம். அப்புறம் பெரிய பேரிங் போட்டாங்க. 2009 மாடல் வருஷத்துல வந்த புது என்ஜின்ல அந்தத் தண்டையே எடுத்துட்டாங்க. அதே காலத்து 911 டர்போவுலயும் ஜிடி3-லயும் வேற என்ஜின், அதனால அங்கே இந்தப் பிரச்சினையே கிடையாது.

பத்துல ஒண்ணுதானேன்னு தோணலாம். ஆனா அந்த ஒண்ணு உங்க வண்டின்னா, உங்களுக்கு அது நூறு சதவீதம். மாத்த வேண்டிய பேரிங் கைக்குள்ள அடங்குற பொருள். அது உடைஞ்சா போறது மொத்த என்ஜின். பழைய பாக்ஸ்டர்ல, காரோட விலையும் என்ஜினோட விலையும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும்.

வாரன்டி தேதியைப் பார்க்கும்

இப்போ ரெண்டாவது கேள்விக்கு வருவோம். அமெரிக்காவுல புது போர்ஷேவோட வாரன்டி 4 வருஷம் அல்லது 50,000 மைல், எது முதல்ல வருதோ அது. தினமும் ஆபீஸ் போற காருக்கு மைல் முதல்ல தீரும். ஸ்போர்ட்ஸ் காருக்குத் தேதிதான் முதல்ல தீரும். கவர் போட்டு கராஜ்ல நிக்கிற வண்டி ஆறாவது வருஷத்துல 25,000 மைல்தான் ஓடியிருக்கும், பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனா வாரன்டி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. "கம்மியா ஓடின வண்டி" என்று விளம்பரத்துல பெருமையாப் போடுறது, வாரன்டி கணக்குல ஓனருக்கு எந்த உதவியும் பண்ணாது. பேரிங்குக்கும் உதவாது. ஓடாம நிக்கிற வண்டியில ஆயில் மாத்துறதும் தள்ளித் தள்ளிப் போகும்.

அப்போ மிச்சம் இருக்கிற ஒரே வழி குட்வில். வாரன்டி முடிஞ்ச பிறகும் கம்பெனி மனசு வெச்சு செலவுல ஒரு பங்கு ஏத்துக்கிறது. இங்கே ஒரு விஷயம் தெளிவா இருக்கணும்: டீலர்ங்கிறது கம்பெனி கிடையாது. டீலர் தனி முதலாளி. வாரன்டி வேலை பண்ணினா அந்தக் காசைக் கம்பெனிகிட்டயிருந்து வாங்குவார். வாரன்டி இல்லைன்னா உங்ககிட்ட வாங்குவார். குட்வில் வேணும்னா அவர் உங்களுக்காகக் கம்பெனிகிட்ட சிபாரிசு பண்ணணும். அங்கே கேக்குற கேள்விகள்: வண்டியை எங்கே சர்வீஸ் விட்டீங்க, ரெக்கார்டு இருக்கா, எத்தனையாவது ஓனர்? சர்வீஸ் அட்வைசர் சிரிச்ச முகமா காபி குடுக்கலாம். ஆனா முடிவு எடுக்கிறவர் அந்தக் கவுன்டர்ல இல்லை.

கடைசியில ஓனர்கள் கூட்டு வழக்கு போட்டாங்க. 2013-ல சமரசம் ஆச்சு. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான வண்டிகளுக்கு, 10 வருஷம் அல்லது 1,30,000 மைலுக்குள்ள பேரிங் போயிருந்தா செலவு திருப்பித் தரப்படும். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. புதுசா வாங்கினவருக்கும், டீலர்கிட்ட சர்ட்டிஃபைடு ப்ரீ-ஓன்டு கார் வாங்கினவருக்கும் முழுத் தொகை. வெளியில சாதாரணமா செகண்ட் ஹேண்ட் வாங்கினவருக்கு ஒரு பகுதி மட்டும். பேரிங் ஒண்ணுதான், பழுதும் ஒண்ணுதான். எந்தக் கதவு வழியா காரை வாங்கினாங்கங்கிறது பில்லை மாத்திடுச்சு.

ரெண்டாவது கதை: 785 என்ஜின்

அதே கம்பெனி, இன்னொரு முகம். 2013-ல புது 911 ஜிடி3 வந்துச்சு. 475 குதிரைத்திறன், 9,000 ஆர்பிஎம் வரை சுத்துற என்ஜின். 2014 தொடக்கத்துல ஐரோப்பாவுல ரெண்டு ஜிடி3 தீப்பிடிச்சு எரிஞ்சுது. போர்ஷே உடனே எல்லா ஓனர்களுக்கும் சொல்லிடுச்சு: வண்டியை ஓட்டாதீங்க, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்.

காரணம், கனெக்டிங் ராடுல இருக்கிற போல்ட் லூஸ் ஆனது. ராடு கழண்டு கிராங்க் கேஸை உடைச்சிருக்கு, வெளியே கொட்டின ஆயில் தீப்பிடிச்சிருக்கு. மார்ச் மாசம் முடிவைச் சொன்னாங்க: 2014 மாடல் வருஷத்து 785 வண்டிக்கும் என்ஜினையே மாத்தித் தர்றோம். போல்ட்டை மட்டும் மாத்தலை. முழு என்ஜின். ஓனருக்குச் செலவு இல்லை.

அதோட முடியலை. அந்தத் தலைமுறை என்ஜின்ல வால்வை இயக்குற பாகங்கள் தேயுதுன்னு பின்னாடி புகார்கள் வந்தப்போ, 2017-ல அமெரிக்காவுல இந்த ஜிடி3 என்ஜின்களுக்கு வாரன்டியை 10 வருஷம் அல்லது 1,20,000 மைல்னு நீட்டினாங்க.

ஒரு பக்கம் வழக்கு போட்ட பிறகு பணம், இன்னொரு பக்கம் கேக்குறதுக்கு முன்னாடியே புது என்ஜின். ஏன் இவ்வளவு வித்தியாசம்? தீ உயிர் சம்பந்தப்பட்டது, அங்கே பேரம் பேச முடியாது. வண்டிகள் 785 தான், எல்லாமே புதுசு, வாரன்டிக்குள்ள இருக்கு, ஓனர் யார்னு கம்பெனிக்குத் தெரியும். ஐஎம்எஸ் கதையில பல ஆயிரம் வண்டிகள், வருஷக்கணக்குல பரவின பழுது, கை மாறிப்போன ஓனர்கள். அங்கே ரீகால் வரவே இல்லை. பழுது ஒரே நாள்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் வந்தா கம்பெனி பொறுப்பு ஏத்துக்கும். மெதுவா, ஒவ்வொருத்தரா, வாரன்டிக்கு வெளியே வந்தா அது ஓனரோட கெட்ட நேரம்னு ஆயிடும்.

வண்டி உங்களைப் பத்தி என்ன சொல்லும்?

டீலர் உங்க பேச்சை மட்டும் கேக்க மாட்டார், வண்டியையும் கேப்பார். போர்ஷே என்ஜின் கம்ப்யூட்டர், என்ஜின் எல்லை தாண்டிச் சுத்தின ஒவ்வொரு தடவையையும் ரேஞ்ச் வாரியா பதிஞ்சு வெக்கும். என்ஜின் ஓடின எத்தனையாவது மணி நேரத்துல அது நடந்துச்சுன்னும் இருக்கும். மேனுவல் கியர்ல அஞ்சாவது போட நினைச்சு தப்பா மூணாவதுல போட்டா, சக்கரமே என்ஜினை இழுத்துச் சுத்திடும். லிமிட்டர் அதைத் தடுக்க முடியாது. வாரன்டி கேக்கும்போதும், சர்ட்டிஃபைடு முத்திரைக்காக 111 அம்சப் பரிசோதனை நடக்கும்போதும் இந்தப் பதிவு முன்னாடி வந்து நிக்கும். முந்தின ஓனர் பண்ண தப்புக்கு நீங்க பதில் சொல்ற நிலைமை வரலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி

இந்தக் காலத்து 911, பாக்ஸ்டர் மேல ஆசைப்படுறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அவங்களுக்கு அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்றது இதுதான்.

ஒண்ணு, பேரிங் எந்த வகை, ஏற்கெனவே மாத்தியாச்சான்னு பில்லோட கேளுங்க. "மாத்திட்டேன்" என்ற வார்த்தை மட்டும் போதாது. மாத்தலைன்னா, கிளட்ச் மாத்தும்போது சேர்த்து மாத்துறதுதான் புத்திசாலித்தனம். ரெண்டு வேலைக்கும் கியர்பாக்ஸைக் கீழ இறக்கணும், கூலி ஒரு தடவைதான். ஆனா கடைசியா வந்த பெரிய பேரிங்குக்கு இந்த வழி கிடையாது, அதை வெளியே எடுக்க என்ஜினையே பிரிக்கணும்.

ரெண்டு, ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மடிப்புகளுக்குள்ள உலோகத் துகள் மினுங்கினா பேரிங் தேயுதுன்னு சந்தேகப்படலாம். மூணு, சிலிண்டருக்குள்ள சின்ன கேமரா விட்டுக் கீறல் இருக்கான்னு பார்க்கணும், இந்த என்ஜின்களுக்கு அதுவும் தெரிஞ்ச வியாதிதான். நாலு, அந்தக் கம்ப்யூட்டர் பதிவைப் பிரின்ட் எடுத்து வாங்குங்க. அஞ்சு, இதையெல்லாம் விக்கிறவரோட ஆள் பண்ணக் கூடாது. நீங்க காசு குடுத்துக் கூட்டிட்டுப் போற, போர்ஷே தெரிஞ்ச தனி மெக்கானிக் பண்ணணும். விக்கிறவர் பரிசோதனைக்கே ஒத்துக்கலைன்னா, அதையே ரிசல்ட்டா எடுத்துக்குங்க.

கடைசியா பணம். ஒரு சொகுசு காரோட விலை வருஷா வருஷம் இறங்கும். அதோட ஸ்பேர் பார்ட்ஸ் விலையும் கூலியும் இறங்கவே இறங்காது. புதுசா இருந்தப்போ அது என்ன விலைக் காரோ, அந்த விலைக்கான பில்தான் எப்பவும் வரும். காருக்குக் காசு சேர்ந்துடுச்சுன்னு வாங்கிடாதீங்க. ஒரு பெரிய ரிப்பேருக்கான காசு தனியா இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. இல்லைன்னா அதே காசுக்கு, வாரன்டி பாக்கி இருக்கிற சின்ன கார் நிம்மதியைக் குடுக்கும்.

இது போர்ஷேவுக்கு மட்டுமான பாடம் இல்லை. எந்த வண்டி வாங்கினாலும், பைக்கா இருந்தாலும் சரி, "நல்லா ஓடுமா?" என்று கேட்ட கையோட இன்னொண்ணும் கேளுங்க: "ஓடலைன்னா யார் பொறுப்பு, எந்தத் தேதி வரைக்கும்?" பதில் பேப்பர்ல இருக்கணும்.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, ஆன்லைன்ல பழைய ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரத்தையே பார்த்துக்கிட்டிருக்கிற உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அவர் டோக்கன் அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம், பை!