எந்திரம் மட்டும் வந்தால் போதுமா?

நகராட்சி வளாகத்தில் ஒரு ஜெட்டிங் லாரி நிற்கிறது. கழிவுநீர்க் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உடைக்கும் வண்டி அது. நம் வரிப்பணத்தில் வாங்கியது. ஆனால், அந்த லாரி நுழைய முடியாத சந்தில் அடைப்பு என்றால் என்ன நடக்கிறது? ஒப்பந்தக்காரருக்கு போன் போகிறது. அவர் இரண்டு பேரை அழைத்து வருகிறார். மூடி திறக்கப்படுகிறது. இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்ட விவரம் இதையே சொல்கிறது. நகரங்களில் கணக்கெடுக்கப்பட்ட சாக்கடை, மலத்தொட்டிப் பணியாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் பட்டியல் சாதியினர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாது என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்கி ஆபத்தான வேலை வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

ஆனால் சட்டத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக் கருவி தராமல் இறக்கினால்தான் அது 'ஆபத்தான வேலை'. கருவி தந்தோம் என்று தாளில் எழுதிவிட்டால் தப்பிக்க வழி பிறக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோ தாளைப் பார்ப்பதில்லை. அளவு கூடினால் அது மூக்கின் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் சாய்ந்துவிடுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்கிறார்.

சாவுக்குப் பிறகு நடப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. "அவர் எங்கள் பணியாளர் இல்லை" என்கிறது அலுவலகம். "நான் இறங்கச் சொல்லவில்லை, அவராகத்தான் இறங்கினார்" என்கிறார் ஒப்பந்தக்காரர். வருகைப் பதிவேட்டில் இறந்தவர் பெயர் இல்லை. ஆகவே, சீர்திருத்தம் எந்திரத்தோடு முடிவதில்லை. பதிவேட்டையும் ஒப்பந்தத்தையும் திருத்த வேண்டும். அடைப்பு நீங்கியதா என்று மட்டும் ஒப்பந்தம் கேட்கிறதா, ஆளை இறக்காமல் நீங்கியதா என்றும் கேட்கிறதா? சாவு நேர்ந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்து பணப்பொறுப்பையும் சுமத்த வழி செய்ய வேண்டும் என்று 2023 தீர்ப்பு சொல்கிறது. நம் ஊர் டெண்டர் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐதராபாத் குடிநீர் வாரியம் 2017இல் ஒரு வழி காட்டியது. குறுகிய சந்துகளிலும் நுழையும் சிறிய ஜெட்டிங் வண்டிகள் 70 களத்துக்கு வந்தன. தலித் இந்திய வர்த்தக தொழில் கூட்டமைப்பின் துணையோடு, வங்கிக் கடனில் தலித் தொழில்முனைவோரே அவற்றுக்கு உரிமையாளர் ஆனார்கள். வாரியம் அவர்களுக்கு வேலையும் கட்டணமும் கொடுத்தது. 2019இல் டெல்லியும் இதே வழியில் 200 வண்டிகளை இறக்கியது. திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்ற ரோபோ 2018இல் வேலைக்கு வந்தது. முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே அதை இயக்கப் பயிற்சி தரப்பட்டது. அந்த எந்திரம் நம் கும்பகோணத்துக்கும் வந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். எந்திரம் வரும்போது அதன் இருக்கையில் உட்காருபவர் யார்? குழிக்குள் இறக்கச் சாதி பார்த்து ஆள் தேடியவர்கள், ஸ்டீயரிங் பிடிக்க மட்டும் லைசென்ஸ் கேட்கிறார்கள். இருபது ஆண்டு இறங்கியவருக்கு வேலை போகிறது. வேறொருவருக்கு டிரைவர் வேலை கிடைக்கிறது. இது சீர்திருத்தம் ஆகாது. ஓட்டுநர் பயிற்சிக்கும் லைசென்ஸுக்கும் அலுவலகமே செலவு செய்து, பழைய பணியாளரை அந்த இருக்கையில் அமர்த்த வேண்டும்.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. சென்னைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் வண்டிகளுக்கும் இத்திட்டம் பயன்பட்டது. விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும். சென்னையில் முடிந்தது மாவட்டத் தலைநகரங்களில் ஏன் முடியாது?

இது நகரத்துப் பிரச்சினை என்று கிராமத்தில் இருக்கும் நாம் ஒதுங்க முடியாது. இன்று ஊருக்கு ஊர் மலத்தொட்டி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில், விடுதியில், நம் வீட்டிலும் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் வண்டியைத்தான் அழைக்க வேண்டும். ஆளை இறக்கக் கூடாது. நகரப் பகுதிகளில் இதற்கென 14420 என்ற உதவி எண் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்கினால் வீட்டுக்காரரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான்.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதலாம். நகராட்சியில் எத்தனை எந்திரங்கள் உள்ளன, எத்தனை ஓடுகின்றன, அவற்றை இயக்குபவர்களில் முன்னாள் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர்ப் பட்டியல் என்ன, வாயுவைச் சோதிக்கும் கருவி இருக்கிறதா? முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் கேட்கலாம். மே 1, தொழிலாளர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. தூய்மைப் பணியாளரின் பாதுகாப்பைத் தீர்மானமாக வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் எது?

இறந்த பிறகு முப்பது லட்சம் கேட்டு அலைவதைவிட, இறங்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பது நம் கையில் இருக்கிறது. மூடி திறந்திருப்பதைக் கண்டால் நின்று கேட்போம்: எந்திரம் எங்கே, பொறுப்பான அதிகாரி யார்?