உங்களுக்குத் தெரியுமா? – புவியியல் பட்டம்: வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு?

1998க்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பிரிட்டனில் உள்நாட்டு முழுநேர மாணவர் பட்டப்படிப்புக்குக் கட்டணமே கட்டியதில்லை. அந்த ஆண்டு 1,000 பவுண்டு வரை என்று தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2006இல் 3,000, 2012இல் 9,000 என ஏறி, 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. புவியியலுக்கும் இதே தொகைதான், மருத்துவத்துக்கும் இதே தொகைதான்.

✦

அதிகக் கடனோடு வெளியே வருவது ஏழை வீட்டுப் பிள்ளைதான். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தந்துவந்த உதவித்தொகையை 2016இல் இங்கிலாந்து நிறுத்திவிட்டு, அதையும் கடனாக்கியது. குடும்ப வருமானம் குறையக் குறைய இந்தக் கடன் கூடும். லண்டனுக்கு வெளியே அறை எடுத்துப் படிப்பவருக்கு 2025-26இல் 10,544 பவுண்டு வரை கிடைக்கும். அந்தக் கணக்கில் மூன்று ஆண்டுக்குக் கட்டணமும் செலவும் சேர்ந்தால் 60,000 பவுண்டைத் தாண்டுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா பணம் அனுப்புவார் என்று அரசே முடிவுகட்டி, கடனைக் குறைத்துக் கொடுக்கிறது. கடனைக் குறைப்பது அந்தப் பிள்ளைக்கு லாபமாக முடிகிறது, அது வேறு விஷயம்.

✦

60,000 என்றதும் மலைக்க வேண்டாம். இது வட்டிக்கடைக் கடன் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் சேர்ந்தவர்கள் ‘பிளான் 5’ என்ற திட்டத்தில் வருவார்கள். ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 9 சதவீதம் பிடித்தம். வருமான வரியோடு சேர்த்துச் சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள். வேலை போனால் பிடித்தமும் நின்றுவிடும். 40 ஆண்டு கழித்தும் மிச்சம் இருந்தால் தள்ளுபடி. கடன் வாங்கியவர் இறந்துபோனாலும் தள்ளுபடி. நம்மூர்க் கல்விக் கடனைப் போல அப்பா அம்மா கையெழுத்துப் போட வேண்டிய வேலையும் இல்லை.

அதனால் மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைக் கடன் தொகை தீர்மானிப்பதில்லை, சம்பளம்தான் தீர்மானிக்கிறது. 30,000 கடன் உள்ளவரும் 60,000 கடன் உள்ளவரும் ஒரே திட்டத்தில் இருந்து ஒரே சம்பளம் வாங்கினால், ஒரே தொகையைத்தான் கட்டுவார்கள். எத்தனை ஆண்டு கட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

✦

ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர் அறை, இரண்டு புவியியல் ஆசிரியர்கள். லண்டனுக்கு வெளியே புதிதாக வேலைக்குச் சேர்பவரின் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. ஒருவர் 2022இல் கல்லூரியில் சேர்ந்தவர். பழைய ‘பிளான் 2’. அவருக்கான வரம்பு 2026 ஏப்ரல் முதல் 29,385. மாதம் சுமார் 26 பவுண்டு கட்டுவார். அடுத்தவர் ஒரே ஒரு ஆண்டு பின்னால் சேர்ந்து, ‘பிளான் 5’இல் மாட்டியவர். இதே சம்பளத்துக்கு அவர் கட்ட வேண்டியது மாதம் சுமார் 59 பவுண்டு. முதலாமவருக்கு 30 ஆண்டில் விடுதலை, இரண்டாமவருக்கு 40. வட்டியில் மட்டும் பின்னவருக்குச் சலுகை: விலைவாசி உயர்ந்த அளவுக்கு மேல் ஏறாது.

✦

கடனுக்கும் எல்லைக்கோடு உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் புவியியல் நான்கு ஆண்டுப் படிப்பு. ஸ்காட்லாந்து மாணவருக்குக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் இங்கிலாந்து மாணவருக்கு, 2025-26 கட்டணப்படி நான்கு ஆண்டுக்கு 38,140 பவுண்டு. பிரெக்ஸிட்டுக்கு முன்பு ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்கள்கூட அங்கே கட்டணமின்றிப் படித்தார்கள். இங்கிலாந்துக்காரரோ கட்டினார்! வேல்ஸ் மாணவர்களோ இன்னும் 30 ஆண்டுத் திட்டத்திலேயே இருக்கிறார்கள்.

✦

பட்டம் லாபமா? இன்ஸ்டிடியூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் என்ற லண்டன் ஆய்வு நிறுவனம் 2020இல் கணக்குப் போட்டது. வரியும் கடன் பிடித்தமும் போக, வாழ்நாள் முழுவதற்குமான நிகர லாபம் சராசரியாக ஆணுக்கு 1,30,000 பவுண்டு, பெண்ணுக்கு 1,00,000. ஆனால் ஐந்தில் ஒருவர் கல்லூரிக்குப் போகாமலே இருந்திருந்தால் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார்.

மருத்துவமும் பொருளியலும் உச்சியில் இருக்கின்றன, ஓவியம் இசை போன்ற கலைகள் அடியில். புவியியல் நடுவில். நடுவில் என்றால் எல்லோரும் நடுத்தரச் சம்பளம் என்று அர்த்தமில்லை. வெள்ளமும் புயலும் எங்கே எவ்வளவு நஷ்டம் தரும் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணக்கிட்டுச் சொல்பவரும் புவியியல்காரர்தான். நகராட்சியின் திட்டப் பிரிவில் வரைபடத்தோடு மல்லுக்கட்டுபவரும் அவர்தான். ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபடத் தொழில்நுட்பம் கைவந்தவருக்குக் கதவுகள் கூடுதலாகத் திறக்கும். பட்டத்தின் பெயரைப் பார்ப்பதைவிட, அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள் என்ற பாடத்திட்டத்தைப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி.

✦

கடனையெல்லாம் மிஞ்சிய புவியியல் பட்டதாரியும் உண்டு: கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான். வட கரோலினா பல்கலைக்கழகம், 1986.

✦

புவியியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தால், 2025-26இல் இங்கிலாந்து அரசே 26,000 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. வரி இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம். அதே ஆண்டு வரலாற்றுக்காரருக்கு ஒரு பைசா கிடையாது. ஆளில்லாத பாடத்துக்குத்தான் அள்ளிக் கொடுப்பார்கள். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

✦

பிரதமராக இருந்த தெரசா மே ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் படித்தவர். 1977இல் பட்டம் வாங்கினார், கட்டணம் இல்லாத காலம். 2017இல் பிளான் 2 வரம்பை 21,000 பவுண்டிலிருந்து 25,000ஆக உயர்த்துவதாக அறிவித்ததும், கட்டணத்தை 9,250இல் நிறுத்திவைத்ததும் அவர்தான். அவர் அமைத்த ஆகர் குழு 2019இல் கட்டணத்தை 7,500ஆகக் குறைக்கவும், கடன் காலத்தை 40 ஆண்டாக நீட்டவும் பரிந்துரைத்தது. பின்னால் வந்த அரசு 40 ஆண்டை எடுத்துக்கொண்டது. 7,500 கிடப்பில் போயிற்று.