காசநோய்: ஒரு நோயில் ஐந்து பாடங்கள்

மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவரின் மேசையைப் பார்த்திருக்கிறீர்களா? நோய்க்கூறியல், மருந்தியல், நுண்ணுயிரியல் என்று தலையணை போன்ற நூல்கள். இவற்றின் இடையே மரபியலும் தடுப்பாற்றலியலும். தேர்வுக்காக உருப்போட்டவை தேர்வு முடிந்ததும் பறந்துவிடுகின்றன. இதில் வியப்பில்லை. பாடங்கள்தாம் தனித்தனி நூல்களில் இருக்கின்றன. நோயாளியின் உடலில் அவை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. காசநோய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த ஐந்தும் எங்கே ஒன்றுசேர்கின்றன என்று பார்ப்போம்.

1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் ராபர்ட் காக் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அக்கிருமியின் மேலுறை மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. சாயம் அதில் எளிதில் ஏறாது. ஏறிவிட்டால் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போகாது. சளிப் பரிசோதனையில் நீல நிறப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாக இவை தெரிவது இதனால்தான். இன்னொரு குணமும் உண்டு. நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். இந்தச் சோம்பலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூச்சுக்காற்றுடன் நுரையீரலை அடையும் கிருமியை மாக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் விழுங்கிவிடுகின்றன. ஆனால் விழுங்கியதைச் செரிக்க முடிவதில்லை. செரிமான நொதிகள் தன்னிடம் வந்து சேராதபடி கிருமி தடுத்துவிடுகிறது. சில வாரங்களில் டி-செல்கள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து, மாக்ரோஃபேஜ்களை முடுக்கிவிடுகின்றன. அவை கிருமியைச் சுற்றிக் கோட்டை கட்டுகின்றன. இதுவே குருணைக்கட்டி. இதன் நடுப்பகுதி இறந்து பாலாடைக்கட்டி போல் ஆகிறது. அது இளகி மூச்சுக்குழலுக்குள் கொட்டிவிட்டால் நுரையீரலில் பள்ளம் விழுகிறது. இருமும்போது கிருமிகள் வெளியே பரவுகின்றன. ஆக, நுரையீரலை அரிப்பது கிருமி மட்டுமன்று. நமது எதிர்ப்புக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இதற்குச் சான்று வேண்டுமா? எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்களுக்கு டி-செல்கள் குறைந்துவிடுகின்றன. அவர்களிடம் பள்ளங்கள் அரிது. சளியிலும் பலமுறை கிருமி தென்படுவதில்லை. ஆனால் தடுக்கச் சுவர் இல்லாததால் நோய் உடலெங்கும் பரவுகிறது. சளியில் கிருமி இல்லை என்ற ஒரு சீட்டை மட்டும் நம்பி அவர்களைத் திருப்பி அனுப்புவது ஆபத்தானது.

இனி மருந்துக்கு வருவோம். பெரிய பள்ளம் ஒன்றில் 10 கோடி கிருமிகள் இருக்கலாம். சுமார் 10 லட்சம் கிருமிகளில் ஒன்று, தற்செயலான திடீர்மாற்றத்தால், ஐசோனியசிட் மருந்துக்கு அசையாததாக இருக்கும். கணக்குப் போடுங்கள்: முதல் மாத்திரையை விழுங்குமுன்பே அங்கே 100 கிருமிகள் தப்பிக்கக் காத்திருக்கின்றன! அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை மடியும். இந்த 100 பெருகிப் பள்ளத்தை நிரப்பும். மருந்து அவற்றைப் படைக்கவில்லை, பொறுக்கி எடுக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு அசையாதது 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அசையாதது 100 லட்சம் கோடியில் ஒன்று. ஒரு நோயாளியின் உடலில் அவ்வளவு கிருமிகள் இருப்பதில்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் இரகசியம் இந்தப் பெருக்கல்தான்.

ஆனால் சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும். "குணமாகிவிட்டதே" என்று நோயாளி மாத்திரையை நிறுத்துவது இப்போதுதான். முன்பு சொன்ன சோம்பலை நினைவுகூருங்கள். பெருகாமல் உறங்கும் கிருமியிடம் பெரும்பாலான மருந்துகளுக்கு வேலை குறைவு. உறங்குபவை விழிக்கும்வரை மருந்தும் காத்திருக்க வேண்டும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீள்வது இதனால்தான்.

சென்னைக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கே கிடைத்தன. அப்படியிருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தனர். அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கிடக்கும் நிலையைப் பல நாடுகளில் முடிவுக்குக் கொண்டுவர உதவியது.

அதே சென்னையில் வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, சிலரிடம் பலன் குறைந்தது. காரணம் கிருமியில் இல்லை, நோயாளியின் மரபணுவில் இருந்தது. ஐசோனியசிட்டைக் கல்லீரல் செயலிழக்கச் செய்யும் வேகம் பரம்பரையாக வருவது. வேகமாகச் செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை போதவில்லை. மெதுவாகச் செய்பவர்களுக்கோ மருந்து உடலில் நெடுநேரம் தங்கி, வைட்டமின் பி6-ஐக் குறைத்துவிடுகிறது. பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றுகின்றன. தென்னிந்தியரில் மெதுவானவர்களே மிகுதி. எனவே பலருக்குக் காசநோய் மாத்திரைகளோடு சிறிய பைரிடாக்சின் மாத்திரை ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள்.