சக்கரத்துக்கேற்ற டயர்

சென்ற விடுமுறையில் நண்பர் அறுவர் சைக்கிளிற் செல்லக் கருதினோம். ஒருவர் ‘28 அங்குலம்’ என்னும் பெயரை மட்டும் நம்பிப் புது டயர் வாங்கினார். அது சக்கரத்தில் ஏறவில்லை. அவரை விடுத்துச் செல்ல மனமின்றி யாவரும் தங்கினோம்.

காரணம் யாதெனின், அப்பெயரால் இருவேறு அளவுகள் வழங்குகின்றன. டயரின் விளிம்பு அமருமிடத்து ரிம்மின் விட்டம், நம் நாட்டுப் பழைய பெரிய சைக்கிள்களில் பெரும்பாலும் 635 மில்லிமீட்டர். புதுவகை வண்டிகள் பலவற்றில் 622. டயரின் பக்கத்தில் 32-622 என்றாற்போலப் பொறித்திருப்பர். முன்னது அகலம், பின்னது அவ்விட்டம். வாங்குவோர் பின்னுள்ள எண்ணைத் தம் பழைய டயரில் உள்ளதோடு ஒப்பிடுக.

அகலமோ பாதையைப் பொறுத்தது. கரடான சாலையில் இறுகக் காற்றடைத்த குறுகிய டயர் உடலை அதிர்வித்து, மிதிக்கும் ஆற்றலை வீணாக்கும்; சற்றகன்ற டயரில் அளவாகக் காற்றடைத்தலே நன்று. உலாச் செல்வோர்க்கு முந்துதல் பெரிதன்று. அறுவரும் ஒருங்கே மீளுதலே பெரிது.