அடிப்பதற்கு முன் ஒரு படம்

எங்கள் கிள்ளான் வீட்டில் எட்டுக்கால் பூச்சிக்கு ஒரே சட்டம்தான்: பார்த்தால் அடி. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் மகள் அலறுவாள், கணவர் துடைப்பத்தோடு ஓடி வருவார். என் மாமியார் பின்னால் நின்று, "விடாதே, விஷம், விஷம்!" என்பார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பாம்புக்குக்கூட இவ்வளவு பதறிப் பார்த்ததில்லை.

ஆர்க்கிட் பூக்களைப் படம் பிடிக்க, கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன். ஓர் இரவு குளியலறையில் அந்தப் பெரிய பூச்சி அசையாமல் இருக்க, யாரையும் கூப்பிடாமல் அதைப் படமெடுத்தேன்.

"எதுக்கும்மா படம்? முதல்ல அடி!" என்றார் வாசலுக்கு வந்த அத்தை.

"ஒரு நிமிஷம் இருங்க, அத்தை."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முகத்தில் வெளிர் நிறப் பட்டை ஒன்று தெரிந்தது, மீசை மாதிரி. வயிற்றுக்கடியில் தட்டையான வெள்ளை வட்டு. அது முட்டைப் பை. பெயரைத் தேடிப் பிடித்தேன்: ஹன்ட்ஸ்மேன், அதாவது வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது. இரவில் சுற்றித் திரிந்து கரப்பான்பூச்சியைப் பிடித்துத் தின்னும். கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், வலிக்கும், மற்றபடி ஆபத்தில்லை. ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு, இரையைக் கொல்ல. மனிதரைப் பாதிக்கக்கூடியவை மிகச் சில. இத்தனை ஆண்டுகளாகக் கரப்பானுக்கு மருந்தும் வாங்கி, கரப்பானைத் தின்பதையும் அடித்திருக்கிறோம்! மகள் அதற்கு 'மீசைக்காரி' என்று பெயர் வைத்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து கார் நிறுத்தும் இடத்தைக் கழுவும்போது, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்தினேன். அத்தை உட்கார்ந்து நெத்திலி ஆய்வதும், மகள் பள்ளிக் காலணி மாட்டுவதும் அதில்தான். அடியில் தாறுமாறாக ஒரு வலை. அதில் விரல்நகம் அளவில் பழுப்பு நிறப் பூச்சி. யாரும் அலறவே மாட்டார்கள், அவ்வளவு சாதாரணம். என்னை நிறுத்தியது பக்கத்தில் தொங்கிய மூன்று உருண்டைகள். பட்டாணி அளவு, சுற்றிலும் முள் முள்ளாக, குட்டி ரம்புத்தான் போல.

நாற்காலியை மெல்லச் சாய்த்துப் படமெடுத்தேன். அடிவயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை வடிவம். கால்களில் பட்டை பட்டையாகக் கோடுகள். பழுப்பு விதவைச் சிலந்தி! 'பிளாக் விடோ' என்று படங்களில் பார்க்கிறோமே, அதன் சொந்தக்காரி. தீபகற்ப மலேசியாவில் இது காணப்படுவதை 2015-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் உண்டு.

இதன் விஷம் நரம்பைத் தாக்கும் வகை. ஆனால் பயந்த பூச்சி. தொட்டால் சுருண்டு கீழே விழும். காலணிக்குள், பூந்தொட்டி விளிம்பில், நாற்காலியைத் தூக்க விரல் நுழைக்கும் இடத்தில், நம் தோலுக்கும் அதற்கும் இடையே இடமில்லாமல் போகும்போதுதான் கடிக்கும். பெரும்பாலும் கடித்த இடத்தில் வலியோடு போய்விடும். வலி பரவினாலோ, தசை பிடித்து இழுத்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ மருத்துவமனைதான். குழந்தைகளும் முதியவர்களும் என்றால் காத்திருக்கவே கூடாது. எங்கள் வீட்டில் அந்த நாற்காலியில் உட்காருவது அவர்கள் இருவரும்தானே!

படமெடுக்க ஆசைப்படுபவர்களுக்கு என் அனுபவம்: ஃபிளாஷ் வேண்டாம், எல்லாம் வெளுத்துப்போகும். இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்கட்டும். ஒரு முழம் தள்ளியே நின்று ஜூம் செய்யுங்கள். முதுகு, அடிவயிறு, வலையும் முட்டைப் பையும் என மூன்று கோணம் இருந்தால் அடையாளம் காண்பது சுலபம். அளவு காட்ட விரலைப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மருத்துவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

அந்த நாற்காலியை என்ன செய்தோம்? தடித்த கையுறையும் மூடிய காலணியும் போட்டுக்கொண்டு, நீளக் குச்சியில் வலையைச் சுருட்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கினார் கணவர். முட்டைப் பைகளை ஒவ்வொன்றாக நசுக்கினோம். ஒரு பைக்குள் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். பட்டு போர்த்தியிருப்பதால் மருந்து அடிப்பதை மட்டும் நம்ப முடியாது. காலணி அடுக்கில் இன்னும் இரண்டு கிடைத்தன. அன்றிலிருந்து காலணியைத் தட்டாமல் யாரும் போடுவதில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். காலையில் எழுந்ததும் கழுத்தில் கோடு போட்டதுபோல் கொப்புளம் இருந்தால், "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் போயிருக்கு" என்பார் அத்தை. அது பெரும்பாலும் 'சார்லி' எனப்படும் சின்ன வண்டை, தூக்கத்தில் நாம் நசுக்கியதால் வருவது. இதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் குளியலறையிலிருந்து அவர் குரல் கேட்டது. துடைப்பம் கேட்கிறாரோ என்று எழுந்து போனேன்.

"போனை எடுத்துட்டு வாம்மா. இது மீசைக்காரியா, உடுக்கைக்காரியா, பார்த்துச் சொல்லு."