மெருகற்ற வெள்ளியும் இராமன் ஒளியும்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளில் வெள்ளிக்கு மெருகேற்றி விற்கின்றனர். வேதியியலாருக்கோ வெள்ளி சொரசொரப்பாய் இருந்தால்தான் பயன். அதன் காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமனும் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கல்கத்தாவில் கண்ட உண்மை யாதெனின், ஒருநிற ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவரும் என்பதே. மூலக்கூறுகளின் அதிர்வே இம்மாற்றத்தை விளைக்கிறது. ஒவ்வொன்றின் அதிர்வும் வேறாதலின், மாறிய ஒளி அப்பொருளின் கைரேகை போன்றது. ஆனால் சிதறும் கோடி ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒன்றே இவ்வாறு மாறும். காய்கறித் தோலில் ஒட்டிய மருந்தின் சுவட்டை இதைக்கொண்டு காண்பது எங்ஙனம்?

1974-இல் சௌதாம்ப்டனில் பிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் ஆகியோர் வெள்ளி மின்வாயைச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பிரிடின் என்னும் பொருளைப் படியவிட்டனர். இராமன் ஒளி வியக்கத்தக்க அளவு பெருகிற்று. பரப்பு கூடியதால் மூலக்கூறுகள் மிகுதியாய் ஒட்டின என்று அவர்கள் கருதினர். நியாயமான விளக்கந்தான், கணக்குத்தான் ஒத்துவரவில்லை. 1977-இல் அமெரிக்காவில் ஜீன்மேரும் வான் டைனும், இங்கிலாந்தில் ஆல்பிரெக்டும் கிரெய்ட்டனும், ஒளி இலட்சம் மடங்கு அளவில் பெருகியதைக் காட்டினர். பரப்போ அவ்வளவு பெருகவில்லை.

மர்மம் வெள்ளியின் எலெக்ட்ரான்களில் இருக்கிறது. நுண்மணிகளில் கட்டின்றித் திரியும் அவற்றை ஒளியலை ஒருங்கே ஊசலாட்டுகிறது. இரு மணிகளுக்கிடையே சில நானோமீட்டர் இடுக்கில் மின்புலம் குவிகிறது. (நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.) அங்குள்ள மூலக்கூறின்மேல் படும் ஒளியும் வலுக்கிறது, அது சிதறும் ஒளியும் வலுக்கிறது. மின்புலம் பத்து மடங்கானால் இராமன் ஒளி ஏறத்தாழப் பதினாயிரம் மடங்காகும்! 1997-இல் ஒற்றை மூலக்கூறையே இவ்வகையிற் கண்டனர்.

இன்று வெள்ளி, பொன் நுண்மணிகளைத் தாளிலோ கண்ணாடியிலோ படியவைத்து, பழத்தோலில் தங்கிய தைராம் என்னும் பூஞ்சைக்கொல்லியையும் பாலிற் கலந்த மெலமினையும் கண்டறிகின்றனர். கேமரன் மலைக் காய்கறியை உண்ணும் நமக்கு இஃது அயலான செய்தியன்று. ஆயினும் இடுக்குகள் ஒரே சீராய் அமைவதில்லை. ஓரிடத்தில் பேரொளி, அடுத்த இடத்தில் மங்கல். ஆகவே 'நஞ்சு இருக்கிறதா?' என்பதற்கு விடை எளிது, 'எவ்வளவு?' என்பதற்குத்தான் ஆய்வாளர் திணறுகின்றனர். போதாக்குறைக்கு வெள்ளி நாளடைவில் கறுத்துவிடுகிறது. பொன் கறுக்காது, ஆனால் பெருக்கும் ஆற்றலில் அது பெரும்பாலும் வெள்ளிக்கு அடுத்தபடிதான்.